அம்மாவின் கையளவைக் கற்பது: ரசத்தில் தொடங்குங்கள்

"உப்பு எவ்வளவும்மா?" என்று கேட்டால் "தேவையான அளவு போடு" என்றுதான் பதில் வரும். அம்மா மறைக்கவில்லை, அது அவர் கைக்குத்தான் தெரியும். அதனால் கேட்பதை விட்டு எடை போடுங்கள். 1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு போதும். உப்பு ஜாடி, புளி டப்பா, பொடி டப்பா மூன்றையும் சமையலுக்கு முன்னும் பின்னும் நிறுத்துக் குறைந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் புகுந்து ஸ்பூனில் அளக்கச் சொன்னால் அவர் வழக்கமாகப் போடுகிற மாதிரி போடமாட்டார், கணக்கு தப்பும்.

கல்லுப்பா, தூளுப்பா என்பதையும் எழுதுங்கள். ஒரு ஸ்பூன் கல்லுப்பு, ஒரு ஸ்பூன் தூளுப்பைவிட எடை குறைவு. கல்லுப்பு ஸ்பூன் கணக்கில் தூளுப்பைப் போட்டால் கரிக்கும்.

முதலில் ரசம் பழகுங்கள். சாம்பாரில் தப்பு நேர்ந்தால் காயும் பொடியும் மறைத்துவிடும், ரசம் காட்டிக்கொடுத்துவிடும்.

நாலு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பை மூன்று பங்கு தண்ணீர், சிட்டிகை மஞ்சள்தூளுடன் குக்கரில் நாலைந்து விசில் விடுங்கள். புளியோ தக்காளியோ குக்கருக்குள் கூடாது. புளிப்பு சேர்ந்தால் பருப்பு குழையாது. வெந்ததும் ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றிக் கலக்கித் தெளியவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை ரசத்துக்கு எடுங்கள். அடியில் நிற்கும் பருப்பில் உப்பும் நெய்யும் சேர்த்தால் சோற்றில் பிசையப் பருப்பு தயார். ஒரு குக்கரில் இரண்டு வேலை.

பருப்பு வேகும்போதே 15 கிராம் புளியை இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். அதில் இரண்டு தக்காளியைக் கையால் பிசைந்துவிட்டு, உப்பு, பெருங்காயம், மஞ்சள்தூள் சேர்த்து, பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிடுங்கள். எட்டுப் பத்து நிமிடம் ஆகும். மிளகு, சீரகம் தலா ஒரு டீஸ்பூன், பூண்டு நாலு பல் எடுத்து ஒன்றிரண்டாகத் தட்டுங்கள், நைசாக அரைக்க வேண்டாம். இதையும் பருப்புத் தண்ணீரையும் ஊற்றியபின் அடுப்பை விட்டு நகரக்கூடாது. ஓரத்தில் நுரை கட்டி மேலே பொங்கி வரும், அப்போதே அணையுங்கள். தளதளவென்று கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும், ரசமும் கடுத்துவிடும்.

தாளிக்க ஒரு டீஸ்பூன் நெய். கடுகு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். உடனே வெடித்தால் மீதியைப் போடலாம். சூடு பத்தாவிட்டால் கடுகு பல்லில் கடிபடும், புகை வந்தபின் போட்டால் கசக்கும். காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை பொரிந்ததும் ரசத்தில் கொட்டி, கொத்தமல்லி தூவி மூடுங்கள்.

பொரியல் ஒன்று போதும். பீன்ஸானால் பொடியாக நறுக்கித் தாளித்து, ஒரு கை தண்ணீர் தெளித்து வேகவிடுங்கள். கடைசி இரண்டு நிமிடம் மூடியைத் திறந்து வைத்தால் ஈரம் வற்றி உதிரியாக நிற்கும்.

அம்மாவிடம் "எத்தனை நிமிஷம்?" என்று கேட்பதைவிட "எதைப் பார்த்து அடுப்பை நிறுத்துன?" என்று கேளுங்கள். நுரை, வாசனை, சத்தம் என்று பதில் வரும். நிமிடம் அடுப்புக்கு அடுப்பு மாறும், இவை மாறாது.

குறித்த அளவும் சில நாள் பொய்க்கும். புதுப்புளியும் பழம்புளியும் ஒரே எடைக்கு ஒரே புளிப்பைத் தராது. புளி மாற்றிய அன்று கரைசலில் முக்கால் பங்கை மட்டும் ஊற்றி ருசி பார்த்து மீதியைச் சேருங்கள். புளிப்பு மிஞ்சிவிட்டால் இன்னும் கொஞ்சம் பருப்புத் தண்ணீர், சுண்டைக்காய் அளவு வெல்லம்.