சாய்வெழுத்தில் இடம் மாறிய புள்ளி
பினாங்கில் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலின் பதாகைக்காக, நான் வரைந்த தடித்த அலங்கார எழுத்துருவை வலப்புறமாக 12 பாகை சாய்த்தபோது, ‘பந்தல்’ என்ற சொல்லில் ‘ந்’ என்பதன் புள்ளி அடுத்துள்ள ‘த’வின் தலைமேல் போய் நின்றது. எழுத்துருவை நீக்கி மீண்டும் நிறுவினேன். வடிவமைப்பு மென்பொருளின் மொழி அமைப்புகளை மாற்றினேன். எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டியும் பார்த்தேன். மூன்று நாள் வீணாயிற்று.

என்னைத் திசைதிருப்பியவை இரண்டு. ‘க்’ மட்டும் புள்ளியோடு சேர்த்து ஒரே வடிவமாக வரையப்பட்டிருந்ததால் சரியாகவே வந்தது; சொல்லின் இறுதியில் நிற்கும் ‘ல்’ என்பதன் புள்ளியும் விலகியே இருந்தது என்றாலும், மோதுவதற்குப் பக்கத்தில் எழுத்து இல்லாததால் அது சாய்வின் அழகாகத் தோன்றிவிட்டது.

புள்ளியை எழுத்துருத் தொகுப்பானில் தனியே திறந்தபோதுதான் காரணம் தெரிந்தது. எழுத்துகளும், அவற்றின்மேல் புள்ளி பொருந்த வேண்டிய இடத்தைக் குறிக்கும் ஆங்கர்களும், புள்ளியின் வடிவமும் சாய்வோடு நகர்ந்திருக்க, எழுத்தின் ஆங்கரோடு இணைய வேண்டிய, புள்ளிக்கே உரிய ஆங்கர் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. அதன் உயரம் 720 அலகு. 12 பாகையின் டேன்ஜென்ட் 0.2126; இரண்டையும் பெருக்கினால் சுமார் 153. ஆகவே அந்த ஆங்கரை 153 அலகு வலப்புறம் நகர்த்தி எழுத்துருவை மீண்டும் உருவாக்கினேன். ‘பந்தல்’ சரியானது, ‘தண்ணீர்’ என்பதிலும் ‘ண்’ என்பதன் புள்ளி அடுத்த எழுத்தைத் தொடாமல் தன் இடத்தில் அமர்ந்தது.