முகவர் துணையின்றி எல்ஐசி எண்டோவ்மென்ட் பாலிசியை நிர்வகிப்பது எப்படி?

எண்டோவ்மென்ட் என்பது ஆயுள் காப்பும் சேமிப்பும் சேர்ந்த பாலிசி. அதை விற்ற முகவர் தொழிலை விட்டுவிட்டாலும் பாலிசிதாரர் தடுமாற வேண்டியதில்லை. பத்திரமும், இணைய வசதியும், எக்செல் போன்ற ஒரு கணக்குத்தாளும் இருந்தால் வேண்டிய முடிவுகளைத் தாமே எடுக்கலாம். பத்திரத்திலிருந்து காப்புத்தொகை, பிரீமியம், முதிர்வு நாள், நாமினி பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, எல்ஐசி வலைத்தளத்தில் பாலிசியைப் பதிவு செய்யுங்கள். இதுவரை சேர்ந்த போனஸ் எவ்வளவு, இன்று சரண்டர் செய்தால் (முதிர்வுக்கு முன்பே பாலிசியை ஒப்படைத்துப் பணம் பெற்றால்) எவ்வளவு கிடைக்கும் என்ற இரண்டையும் பாலிசி இருக்கும் கிளையில் எழுத்து வடிவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வருமானக் கணக்கு. 10 லட்சம் ரூபாய் காப்புத்தொகை, 20 ஆண்டுகள், ஆண்டுக்கு 50,000 ரூபாய் பிரீமியம் என்று வைத்துக்கொள்வோம். போனஸ் காப்புத்தொகையில் ஆயிரத்துக்கு 45 ரூபாய் வீதம் அறிவிக்கப்பட்டு வந்தால் ஆண்டுக்கு 45,000 ரூபாய் சேரும். முதிர்வின்போது தனியாகச் சேரக்கூடிய இறுதிக் கூடுதல் போனஸை விட்டுவிட்டால் முதிர்வில் 19 லட்சம் கிடைக்கும். கட்டிய 10 லட்சம் ஏறத்தாழ இருமடங்காகிவிட்டதாகத் தோன்றினாலும், போனஸுக்கு வட்டி சேராததால், உண்மையான வருமானம் ஆண்டுக்கு 6 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவுதான்.

இந்த எண்ணைப் பார்த்தவுடன் பாலிசியைச் சரண்டர் செய்ய ஓடுபவர்கள் பலர். ஆனால் கட்டி முடித்த பணம் திரும்பி வராது என்பதால், இனிக் கட்டப்போகும் பணம் என்ன ஈட்டும் என்பதையே கேட்க வேண்டும். ஐந்து பிரீமியங்களுக்குப் பிறகு கட்டுவதை நிறுத்திப் பாலிசியைப் பெய்டு-அப் ஆக்கினால், காப்புத்தொகை இருபதில் ஐந்து பங்காக, அதாவது 2.5 லட்சமாகக் குறையும். அதுவரை சேர்ந்த போனஸ் 2.25 லட்சத்தையும் கூட்டினால் முதிர்வில் 4.75 லட்சம் கிடைக்கும். தொடர்ந்து கட்டினால் கிடைப்பது 19 லட்சம். ஆகவே இனிக் கட்டும் 7.5 லட்சம் கூடுதலாக 14.25 லட்சத்தைத் தருகிறது. அது ஆண்டுக்கு ஏழரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். போனஸ் வீதம் குறையலாம் என்பதை மறவாமல், அதைக் குறைத்துப் போட்டும் ஒருமுறை பாருங்கள். பெய்டு-அப் ஆக்குவதா, சரண்டர் செய்வதா என்பதற்கும் இதே வழிதான்: 7 விழுக்காட்டில் வேறிடத்தில் போட முடியுமானால், 15 ஆண்டுகள் கழித்து வரும் 4.75 லட்சத்தின் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 1.72 லட்சம், கிளை அதற்கு மேல் தந்தால் மட்டுமே, இவ்விரண்டில் சரண்டர் லாபம்.

எந்த முடிவானாலும், குடும்பத்துக்குப் போதிய டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாத, உயிர்க்காப்பு மட்டும் தரும் பாலிசி) கைக்கு வந்த பிறகே பழையதைக் கைவிட வேண்டும். மூன்றாண்டுகள் கடந்த பாலிசியை எக்காரணம் கொண்டும் நிறுவனம் கேள்விக்குட்படுத்த முடியாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு, புதிய பாலிசிக்கு மீண்டும் முதலிலிருந்தே தொடங்குகிறது. இதை எண்ணிப் பார்க்காமல் பாலிசி மாற்றுவது ஆபத்தானது.

திருமணம் ஆனவுடன் நாமினி பெயரை மாற்றுவதும், வங்கிக் கணக்கு மாறினால் தெரிவிப்பதும் இனி உங்கள் பொறுப்பு. ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாளும் மாதப் பிரீமியத்துக்கு 15 நாளும் சலுகைக் காலம் உண்டு. அதையும் தவறவிட்டால் முதல் கட்டாத பிரீமியத்திலிருந்து ஐந்தாண்டுக்குள் புதுப்பிக்கலாம். போனஸ் வந்திருப்பதாகச் சொல்லிப் பணம் கட்டச் சொல்லும் தொலைபேசி அழைப்புகளுக்குச் செவிகொடுக்காதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அப்படி யாரையும் அழைப்பதில்லை. நிறுவனத்திடம் கொடுத்த புகாருக்கு ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.