லப்டொப்பில் வைஃபை வரவில்லையா? ரவுட்டரைத் தொட முதல் இதைப் பாருங்கள்

போன கிழமை கொக்குவிலில் இருந்து சின்னம்மா போன் எடுத்தார். "தம்பி, நெட் இல்லை. லப்டொப் பழுதாப் போச்சுப் போல."

"உங்கட போனில வைஃபை வேலை செய்யுதோ?" என்று கேட்டேன். செய்கிறதாம். அப்படியென்றால் ரவுட்டர் சரி, பிழை கணினியில்தான். நீங்களும் இப்படித்தான் தொடங்க வேண்டும். ஆனால் போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் டேட்டாவில் ஓடுவதைப் பார்த்து வைஃபை என்று ஏமாந்துவிடுவீர்கள்.

போனிலும் வரவில்லையா? ரவுட்டரின் கரண்ட் வயரைக் கழற்றி, அரை நிமிடம் பொறுத்துத் திரும்பப் போடுங்கள். சிம் போடும் ரவுட்டர் என்றால் டேட்டா மீதியையும் பாருங்கள்.

இனிக் கணினி. விண்டோஸ் 11ஐ வைத்துச் சொல்கிறேன்.

1. ஃபிளைட் மோட் போட்டபடி இருக்கிறதா? விசைப்பலகையில் விமானப் படம் உள்ள விசையில் கை தவறிப் பட்டாலே போதும்.

2. செட்டிங்ஸில் நெட்வேர்க், வைஃபை என்று போய், தெரிந்த இணைப்புகளின் பட்டியலில் உங்கள் வைஃபை பெயரை 'ஃபொர்கெட்' செய்து, பாஸ்வேர்டைப் புதிதாக அடியுங்கள். பாஸ்வேர்ட் மாற்றிய வீடுகளில் அநேகமாக இதோடு சரிவரும்.

3. இணைந்திருக்கிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லையா? அதே இடத்தில் ப்ரொப்பட்டீஸைத் திறந்து ஐபிவி4 முகவரியை, அதாவது ரவுட்டர் கணினிக்குக் கொடுக்கும் இலக்கத்தைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை, கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். ரவுட்டரையும் கணினியையும் நிறுத்திப் போடுங்கள்.

4. வைஃபை என்ற சொல்லையே காணவில்லையா? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக், டிவைஸ் மனேஜர், நெட்வேர்க் அடப்டர்ஸ். வைஃபை அல்லது வயர்லெஸ் என்று இருப்பதை அன்இன்ஸ்டோல் செய்து, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானே திரும்ப ஏற்றும். டிரைவரை (அந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருளை) அழிக்கவா என்று கேட்கும் பெட்டியில் மட்டும் சரி போடாதீர்கள்.

சின்னம்மாவை இதெல்லாம் ஒரு மணித்தியாலம் போனிலேயே செய்வித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒருக்கால் நேரே போனேன். ரவுட்டர் விறாந்தையில். சின்னம்மா போனில் வைஃபையைச் சோதித்துப் பார்த்ததும் அதே விறாந்தையில்தான். லப்டொப்போ குசினிக்குப் பக்கத்து அறையில். நடுவில் பழைய சுண்ணக்கல் சுவர்கள் இரண்டு. கணினி பிடித்திருந்தது, ரவுட்டர் தரும் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹேர்ட்ஸ் இணைப்பை. அது வேகமானது, ஆனால் சுவர் தாண்டும்போது பலம் குறைந்துவிடும். மற்றதான 2.4 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றினேன், வந்துவிட்டது.

"லப்டொப்புக்குப் பக்கத்தில போனை வைச்சுப் பாருங்கோ எண்டு முதலே சொல்லியிருக்கலாமே," என்றார் சின்னம்மா, தேத்தண்ணியை நீட்டியபடி.