குத்தகை என்ற ஒரு சொல்

ஆங்கில இலக்கியம் படிக்கப் பல்கலைக்கழக நேர்காணலுக்குத் தயாரானபோது, எழுத்தாளர்கள் பிறந்த ஆண்டு, நூல் பெயர்கள் என்று ஒரு நோட்டு முழுக்க மனப்பாடம் செய்திருந்தேன். எம்.ஏ. முடித்த பக்கத்துத் தெரு அக்கா ஒத்திகை பார்த்தார். ஷேக்ஸ்பியரின் 18ஆம் சானட் என்ற கவிதையைக் கையில் கொடுத்து, "இதுல ஒரு வார்த்தையை எடுத்துப் பேசு" என்றார். 1609இல் அச்சானது, 14 வரி. அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

அன்றே நோட்டை மூடினேன். தினமும் ஒரே கவிதை, இரண்டு முறை சத்தமாக. பிறகு ஒரு சொல்லை அடிக்கோடிட்டு, 'ஏன் இந்தச் சொல்?' என்று 5 நிமிடம் வாய்விட்டுப் பேசுவேன்.

அந்த சானட்டின் நான்காம் வரியில், கோடையின் 'லீஸ்', அதாவது குத்தகை, மிகக் குறுகியது என்று வருகிறது. சந்தூர் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர் அப்பா. பெங்களூரா ரக மாங்காயை இறக்கி முடித்ததும் தோப்பை விட்டுவிட வேண்டும். நேற்றுவரை கயிற்றுக்கட்டில் போட்டுக் காவல் கிடந்த மரத்தடியில் இன்று நமக்கு உரிமையில்லை. கோடைக்கும் அழகு சொந்தமில்லை, கெடு வைத்துத்தான் கிடைத்திருக்கிறது! நம் சித்திரை வெயிலை நினைத்துப் படித்தால் இது பிடிபடாது. இங்கிலாந்தின் கோடை இதமானது.

நேர்காணலில் நான் பார்த்தே இராத கவிதை வந்தது. கொஞ்சம் அவகாசம் கேட்டு, மெதுவாகப் படித்து, ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். மறுத்துக் கேட்டபோதெல்லாம் வரிக்கே திரும்பிப் போய்ப் பதில் சொன்னேன். இடம் கிடைத்தது.

அப்பாவிடம் அந்த நான்காம் வரியைத் தமிழில் சொன்னேன். "எத்தனை மாசக் குத்தகையாம்?" என்று கேட்டார்.