வொர்க்கி ஜீன் கணக்கு வீங்கிய கதை

நெல்லில் வொர்க்கி (WRKY) ஜீன் குடும்பத்தை, அதாவது மற்ற ஜீன்களை இயக்கி அடக்கும் புரதங்களுக்கான ஜீன்களை, முழு ஜீனோமிலும் தேட உட்கார்ந்தேன். புரதக் குடும்பங்களின் தரவுத்தளமான பிஃபாமில் இந்தக் குடும்பத்துக்கு இருக்கும் பிஎஃப்03106 மாதிரியை வைத்து, நெல்லின் புரதக் கோப்பின் மேல் ஹம்மர் என்ற தேடல் மென்பொருளை ஓட்டினால், வெளியான ஆய்வுகள் சொல்லும் நூற்றுச் சொச்சத்தைத் தாண்டி எண்ணிக்கை எங்கேயோ போய் நின்றது. புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாகத் திரிந்தேன், மறைப்பானேன்.

கிடைத்த புரதங்களின் உறவைக் காட்டும் மரம் வரைந்தபோதுதான் குட்டு உடைந்தது. சில கிளைகளின் நுனியில் மூன்று மூன்றாகப் பெயர்கள், நடுவே கிளை நீளமே இல்லை, அதாவது வேறுபாடே இல்லை. பெயர்களை உற்றுப் பார்த்தால் எல்லாம் ஒன்றே, கடைசியில் மட்டும் .1, .2, .3. ஒரே ஜீனின் ஆர்என்ஏ வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டப்படுவதால் வரும் மாற்று ஸ்ப்ளைசிங் வடிவங்களைத் தனித்தனி ஜீனாக எண்ணியிருக்கிறேன்! அப்படியே விட்டிருந்தால் இதையே டேண்டம் இரட்டிப்பு (ஜீனின் நகல்கள் அடுத்தடுத்து உருவாவது) என்று வேறு எழுதித் தொலைத்திருப்பேன்.

சரி, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி, ஜீனுக்கு ஒன்றாக மிக நீளமான புரதத்தை மட்டும் வைக்கும் சின்னப் பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி, தேடலை மறுபடி ஓட்டினேன். எண்ணிக்கை இறங்கியது.

அப்புறம் இன்னொரு கோளாறு. இந்தக் குடும்பத்தின் அடையாளமான டபிள்யூஆர்கேஒய்ஜிகியூகே (WRKYGQK) என்ற ஏழு அமினோ அமில எழுத்தை அப்படியே தேடி வடிகட்டியதில், கியூ இருக்கும் இடத்தில் கே அல்லது இ வரும் உண்மையான உறுப்பினர்களும் போய்விட்டன. அந்த வடிகட்டியைத் தூக்கிவிட்டு, சுமார் 60 அமினோ அமில நீள வொர்க்கி டொமைனை (புரதத்தின் செயல்படும் பகுதியை) அலைன்மென்ட்டில், அதாவது வரிசைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி, கண்ணாலேயே பார்த்து, துத்தநாகத்தைப் பிடிக்கும் ஜிங்க் ஃபிங்கர் அமைப்பின் சிஸ்டீன், ஹிஸ்டிடின் இருக்கிறதா என்று சரிபார்த்தேன். கழுத்துதான் வலித்தது.