ரிப்போர்ட்ல ட்ரூசன்னு இருந்தா அடுத்து என்ன பண்ணணும்

அப்பா அம்மாவ கண் செக்கப்புக்கு கூட்டிட்டுப் போயி, ரிப்போர்ட்ல ட்ரூசன் (விழித்திரைக்கு அடியில படியுற திட்டு), ஏ.எம்.டி. (வயசாகுறப்போ விழித்திரையோட நடுப்பகுதி கெடுற நோய்)ன்னு பாத்துட்டு நெட்ல தேடிட்டு இருக்கவங்களுக்காக எழுதுறேன். தேடினா ஒண்ணு கண்ணே போயிடும்னு பயமுறுத்துறாங்க, இல்லன்னா ஏதோ என்சைம் மாத்திரை தின்னா சரியாயிடும்னு விக்க வர்றாங்க. ரெண்டையும் ஒதுக்கி வச்சிட்டு, கோளாறு எங்க ஆரம்பிக்குதுன்னு முதல்ல புரிஞ்சிக்கோங்க, அது புரிஞ்சா மிச்சதெல்லாம் ஏன் பண்ணணும்னு தானா விளங்கும்.

விழித்திரைல வெளிச்சத்த பிடிக்கிற செல்லுக்குப் பின்னாடி ஒரே ஒரு வரிசையா நிறமி செல்கள் இருக்கு, டாக்டருங்க ஆர்.பி.ஈ.ம்பாங்க. பாக்குற வேலை இதுக்குக் கிடையாது, பாக்குற செல்ல உயிரோட வச்சிருக்கிறதுதான் வேலை. வெளிச்சத்த பிடிக்கிறதுல ஒரு வகையான ராடு செல்லுங்க தினமும் தன் வெளிப்பகுதில சுமார் பத்துல ஒரு பங்க நுனிலேர்ந்து உதிர்த்துட்டு புதுசா வளத்துக்கும், உதிர்ந்தத முழுங்கி கத்தெப்சின் டி மாதிரி என்சைம் வச்சு செரிக்கிறது ஆர்.பி.ஈ. ஒரு நாள் லீவு கிடையாது, புது செல்லும் முளைச்சு வராது, சின்ன வயசுல இருந்த அதே செல்லுதான் எழுபது எம்பது வருஷம் இத பண்ணிட்டே இருக்கணும். வயசாக ஆக செரிக்கிறது மந்தமாகும், செரியாத மிச்சம் லிப்போஃபஸ்சின்ங்கிற பேர்ல செல்லுக்குள்ளயே தங்கும், செல்லுக்கு அடியில கொழுப்பும் புரதமும் திட்டுத் திட்டா படியும். தெருவுல குப்பை வண்டி வராம போனா என்ன ஆகுமோ அதேதான். அந்தத் திட்டுதான் ட்ரூசன்.

இன்னொரு என்சைம் கதை இருக்கு, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது. 2011ல அமெரிக்காவோட கென்டக்கி பல்கலைக்கழகத்துல ஜெயகிருஷ்ண அம்பாட்டி குழு, ட்ரை வகை ஏ.எம்.டி. (ரத்தக்குழாய் கசிவு இல்லாதது) முத்திப்போன கண்கள்ல ஆர்.பி.ஈ. செல்லுல டைசர்1ங்கிற என்சைம் குறைஞ்சிருக்குன்னு நேச்சர் பத்திரிகைல எழுதினாங்க. இந்த என்சைம் ஆர்.என்.ஏ.வ துண்டு துண்டா வெட்டுறது. அது குறைஞ்சா ஆலு ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு வெட்டுப்படாம சேந்து, செல்லுக்குள்ள அழற்சிய கிளப்பி, செல்லயே சாகடிக்குது. ஆர்.பி.ஈ. செத்தா அத நம்பி இருக்கிற பாக்குற செல்லும் பின்னாடியே போயிடும். ஹெச்.டி.ஆர்.ஏ.1ன்னு இன்னொரு என்சைமும் இதுல அடிபடுது, ஆனா அது நோயில கூடுதா குறையுதான்னு ஆராய்ச்சிக்காரங்களே இன்னும் ஒத்துப்போகல.

இதுலேர்ந்து நாம எடுத்துக்க வேண்டியது, பார்வை கெடுறதுக்கு ரொம்ப முன்னாடியே உள்ள வேலை கெட ஆரம்பிச்சிடுது. அதனால நல்லாத்தான தெரியுதுன்னு விடாதீங்க. என்சைம் மாத்திரையும் வேணாம், வாயில போடுற என்சைமும் புரதம்தான், வயித்துலயே செரிச்சிப் போயிடும், விழித்திரைக்குப் போய்ச் சேராது.

சரி, ரிப்போர்ட்ட எடுங்க. ட்ரூசன் சைஸ் என்னன்னு பாருங்க, இல்லன்னா டாக்டர்ட்ட கேளுங்க. 63 மைக்ரானுக்கு (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கீழ இருந்தா அது வயசோட வர்றது, பயப்பட ஒண்ணும் இல்ல. 63லேர்ந்து 125 வரைக்கும் இருந்து நிறமி மாற்றம் இல்லன்னா ஆரம்ப நிலை. 125க்கு மேல இருந்தாலோ, இல்ல 63லேர்ந்து 125க்குள்ள இருக்கிற நடுத்தர ட்ரூசனோட நிறமியும் கலைஞ்சிருந்தாலோ இடைநிலை, இங்கேர்ந்துதான் நாம கவனமா இருக்கணும். அட்ரோஃபின்னு (செல்லு செத்துத் தேஞ்சுபோனது) எழுதியிருந்தா ட்ரை வகை முத்தினது, புது ரத்தக்குழாய் முளைச்சு கசிஞ்சா வெட் வகை.

சிகரெட், பீடி பிடிக்கிறவங்க எந்த நிலைல இருந்தாலும் இன்னைக்கே நிறுத்தணும், நம்ம கையில இருக்கிறதுலயே பெரிய காரணம் அதுதான்.

விட்டமின் மாத்திரை எல்லாருக்கும் இல்ல. ஏரெட்ஸ்ங்கிற பெரிய ஆய்வு 2001ல சொன்னது, இடைநிலை இருக்கவங்களுக்கும் ஒரு கண்ணு முத்திப்போனவங்களுக்கும் அஞ்சு வருஷத்துல நோய் முத்துற வாய்ப்பு சுமார் 25 சதவீதம் குறையுது. ஆரம்ப நிலைல பயன் தெரியல. 2013ல வந்த ஏரெட்ஸ்2 ஆய்வு, பழைய மாத்திரைல இருந்த பீட்டா கரோட்டினுக்குப் பதிலா லூட்டீன் 10 மில்லிகிராம், ஜியாசாந்தின் 2 மில்லிகிராம் போட்டுச்சு, ஏன்னா பீட்டா கரோட்டின் சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்த கூட்டுது. கடைல வாங்குறப்போ டப்பாவ திருப்பி பீட்டா கரோட்டின் இருக்கான்னு லேபிள படிங்க. அந்த மாத்திரைல இருக்கிற ஜிங்க் 80 மில்லிகிராம்ங்கிறது பெரிய டோஸ், அதனால டாக்டர்ட்ட கேக்காம ஆரம்பிக்காதீங்க. கீரை, முட்டை மஞ்சக்கரு இதெல்லாம் சாப்பாட்டுல சேத்துக்கலாம்.

வீட்டுல பண்ண வேண்டியது ஆம்ஸ்லர் கட்டம். பத்து சென்டிமீட்டர் சதுரத்துல குறுக்கும் நெடுக்குமா கோடு, நடுவுல ஒரு புள்ளி, பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டிடுங்க. படிக்கிற கண்ணாடி போட்டுட்டு சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்னு, ஒரு கண்ண முழுசா மூடி இன்னொரு கண்ணால புள்ளியவே பாக்கணும், அப்புறம் மாத்தணும். ரெண்டு கண்ணும் திறந்து பாத்தா பிரயோஜனமே இல்ல, நல்ல கண்ணு கெட்ட கண்ணோட குறைய மறைச்சிடும், அதனாலதான் நிறைய பேருக்கு ரொம்ப லேட்டா தெரிய வருது. அப்பாவுக்கு பேப்பர் பாக்க பொறுமை இல்லன்னா ஜன்னல் கம்பியோ பாத்ரூம் டைல்ஸ் கோடோ நேரா தெரியுதான்னு ஒவ்வொரு கண்ணா கேளுங்க.

கோடு திடீர்னு வளைஞ்சாலோ நடுவுல கறுப்பா ஒரு இடம் மறைஞ்சாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள ரெட்டினா (விழித்திரை) டாக்டர்ட்ட போயி ஓ.சி.டி.ங்கிற விழித்திரை ஸ்கேன் எடுங்க. வெட் வகைக்கு கண்ணுக்குள்ள போடுற ஊசி 2006லேர்ந்து நல்லா வேலை செய்யுது, ஆனா கசிஞ்சு தழும்பாகிட்டா அந்தப் பார்வை திரும்பாது. ஊசியும் ஒண்ணோட முடியாது, முதல்ல மாசாமாசம், அப்புறம் டாக்டர் சொல்ற இடைவெளில, நல்லா ஆயிடுச்சேன்னு நடுவுல விட்டுடாதீங்க.

ட்ரை வகை முத்தினதுக்கு அமெரிக்காவுல 2023ல ரெண்டு ஊசிக்கு அனுமதி குடுத்திருக்காங்க, செல் சாகுற வேகத்த கொஞ்சம் குறைக்கும், போன பார்வைய தராது. டைசர்1 குறையுறத சரிபண்ற மருந்து இன்னும் கடைக்கு வரல, யாராவது இருக்குன்னு சொன்னா காசு குடுக்காதீங்க.

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தா அது மரபுலயும் வர்றதுதான். உங்களுக்கு அம்பது ஆயிடுச்சுன்னா அவங்கள கூட்டிட்டுப் போற அன்னைக்கே நீங்களும் கண்ணுக்கு மருந்து விட்டு கண்பாப்பாவ விரியவச்சு ஒரு செக்கப் பண்ணிக்கோங்க, அன்னைக்கு வண்டி ஓட்ட மட்டும் வேற யாரையாவது கூட்டிட்டுப் போங்க.