மெட்டல் வாசிக்க முதல் எலெக்ட்ரிக் கிட்டார்: எப்படித் தேர்ந்தெடுப்பது?

போன மாதம் என் சித்தப்பா மகனுக்குக் கிட்டார் வாங்கப் போயிருந்தோம். கடைக்குள் நுழைந்ததும் அவன் நேராகப் போய் நின்றது, அம்பு முனை போல இரண்டாகப் பிளந்த ஒரு கறுப்புக் கிட்டாரின் முன்னால். "அண்ணா, இதைப் பார்த்தாலே மெட்டல் என்று தெரிகிறதே!" என்றான். உட்கார்ந்து மடியில் வைத்துப் பார் என்றேன். வைத்தான், தொடையிலிருந்து வழுக்கிக்கொண்டு தரைக்குப் போகப் பார்த்தது. மூன்று முறை முயன்றான். அதற்குப் பிறகுதான் நாங்கள் உண்மையில் கிட்டார் தேட ஆரம்பித்தோம்.

மெட்டல் என்னும் கனத்த ராக் இசை என்றால் சத்தம் என்றே பலரும் நினைக்கிறார்கள். கொஞ்சம் உற்றுக் கேட்டால், அதற்குக் கனத்தைத் தருவது அடிகளுக்கு நடுவே விழும் வெட்டு என்பது புரியும். வலது உள்ளங்கையின் ஓரத்தை, கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகள் மேல் லேசாக வைத்துக்கொண்டு மீட்டுவதைப் பாம் மியூட் என்பார்கள். மிருதங்கத்தின் தொப்பியில் 'தோம்' என்று ஒலிக்க விடுவதற்கும் 'த' என்று மூடி அடிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இங்கேயும். ஆகவே ஒரு கிட்டார் மெட்டலுக்கு ஆகுமா என்று நான் பார்ப்பது, கையை நிறுத்தியதும் அது எவ்வளவு சுத்தமாக வாயை மூடுகிறது என்பதைத்தான். கீழே உள்ள படிகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே போகும்.

முதல் படி: எந்தச் சுருதியில் வாசிக்கப் போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன்பு, வாசிக்க ஆசைப்படும் ஐந்து பாடல்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் எந்த டியூனிங்கில் இருக்கிறது என்று தேடி எதிரில் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான டியூனிங்கில் தடித்த கம்பி 'இ', அதாவது சுமார் 82 ஹெர்ட்ஸ். அந்த ஒரு கம்பியை மட்டும் ஒரு முழுச் சுரம் தளர்த்தினால் டிராப் டி, 73 ஹெர்ட்ஸ். எல்லாக் கம்பிகளையும் இன்னொரு முழுச் சுரம் இறக்கினால் டிராப் சி, 65 ஹெர்ட்ஸ்.

இப்படிக் கம்பியைத் தளர்த்தும் பழக்கம் இந்த இசையில் வேரூன்றியதில் ஒரு தொழிற்சாலை விபத்துக்கும் பங்கு உண்டு. பர்மிங்ஹாமைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் டோனி அயோமி 1965-இல், தம் 17-ஆவது வயதில், தகட்டு ஆலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடது கைப் பழக்கக்காரர். ஆகவே கம்பிகளை அழுத்தும் கையே அடிபட்டுவிட்டது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய கம்பிகளைப் போட்டார், பின்னர் டியூனிங்கையும் இறக்கினார். அவருடைய மெட்டல் குழுவான பிளாக் சபாத் 1971-இல் வெளியிட்ட ஆல்பத்தின் சில பாடல்கள் ஒன்றரைச் சுரம் கீழே இருக்கின்றன.

தாளில் ஐந்துக்கு நான்கு வழக்கமான டியூனிங்கோ டிராப் டியோ என்றால் ஆறு கம்பிக் கிட்டார் தாராளம். ஏழு கம்பிக் கிட்டார்கள் 1990-இல் ஐபனெஸ் வெளியிட்ட யூனிவர்ஸ் வரிசைக்குப் பிறகு பரவின. அவை நல்ல கருவிகள்தான். ஆனால் தொடக்கக்காரருக்கு அது அடக்க வேண்டிய இன்னொரு கம்பி. ஆறையே அடக்கத் தெரியாதபோது ஏழாவது எதற்கு?

இரண்டாம் படி: ஸ்கேல் நீளமும் கம்பியின் தடிமனும்

கழுத்தின் உச்சியில் கம்பிகள் படியும் பட்டையான நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் தூரமே ஸ்கேல் நீளம். ஃபெண்டர் மரபில் 25.5 அங்குலம், கிப்சன் மரபில் சுமார் 24.75 அங்குலம். முக்கால் அங்குலம்தானே என்று விட்டுவிடாதீர்கள். கம்பியின் இறுக்கம் நீளத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், அதே கம்பியில் அதே சுரத்துக்கு நீளமான கிட்டாரில் 6 சதவீதம் கூடுதல் இறுக்கம் கிடைக்கிறது.

அது ஏன் தேவை? 'இ' கம்பியை 'டி'க்கு இறக்கினால் இறுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 'சி'க்கு இறக்கினால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். தொங்கும் துணிக்கொடி போன்ற அந்தக் கம்பியை வேகமாக மீட்டினால், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃபிரெட்டில் மோதிக் கிறுகிறுக்கும், சுரமும் கலங்கும். அதற்கு மருந்து தடித்த கம்பி. வழக்கமான டியூனிங்குக்கு 10–46, டிராப் டிக்கு 10–52, டிராப் சிக்கு 11–54 அல்லது 12–56 என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. இந்த எண்கள் மிக மெல்லிய கம்பி, மிகத் தடித்த கம்பி ஆகியவற்றின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் பங்குகளாக. கீழே இறங்கப் போகிறவர்கள் 25.5 அங்குலக் கிட்டாரையே பாருங்கள்.

மூன்றாம் படி: பிக்கப்

கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய படி இது.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச்சுருள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஒரே சுருள் உள்ளதைச் சிங்கிள் காயில் என்கிறார்கள். அதன் ஒலி பளிச்சென்று இருக்கும். சிக்கல் என்னவென்றால், அந்தச் சுருள் வானொலி ஏரியல் போலவும் வேலை செய்யும். வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல், மின்விசிறி ரெகுலேட்டர், பழைய டியூப் லைட் எல்லாவற்றையும் அது வாங்கிக்கொள்ளும்.

மென்மையாக வாசிப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை இல்லை. மெட்டலுக்கு வேண்டிய டிஸ்டார்ஷன், ஒலியின் உச்சிகளைச் சீவித் தள்ளிவிட்டு அடியில் கிடப்பதையும் மேலே தூக்குகிறது. அப்போது கம்பியோடு சேர்ந்து இரைச்சலும் எழும்பும். நீங்கள் நிறுத்தும் ஒவ்வொரு இடைவெளியிலும் தேனீக்கூடு போல ஒரு ரீங்காரம் கேட்கும். வெட்டு விழ வேண்டிய இடத்தில் ரீங்காரம் விழுந்தால் அந்த வாசிப்புக்குக் கனமே இருக்காது.

கிப்சன் நிறுவனப் பொறியாளர் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் இதற்காகவே உருவானது. இரண்டு சுருள்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் காந்த முனை மற்றதற்கு எதிர், இணைப்பும் எதிர். கம்பியின் அதிர்வு இரண்டிலும் ஒன்றுகூடிப் பலக்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சலோ ஒன்றையொன்று அடித்து மறைகிறது. போனஸாக ஒலியும் தடிக்கிறது.

சிங்கிள் காயிலில் மெட்டலே வாசிக்க முடியாதா என்று கேட்டால், வரலாறு சிரிக்கும். 1970-இல் வந்த பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியை அயோமி வாசித்தது பி-90 என்னும் சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிப்சன் எஸ்ஜி கிட்டாரில். அயோமிக்கு முடிந்தது. உங்கள் படுக்கையறையில், ரெகுலேட்டருக்குப் பக்கத்தில், முதல் வருடத்தில் அந்தச் சோதனை உங்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

நீங்கள் கவனிக்க வேண்டியது பிரிட்ஜ் பக்கத்தில் ஹம்பக்கர் இருக்கிறதா என்பதை. கனமான ரிதம் வாசிப்பின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வரும். கழுத்துப் பக்கத்திலும் ஒன்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. இஎம்ஜி 81 போன்ற ஆக்டிவ் பிக்கப்புகள் 9 வோல்ட் பேட்டரியில் இயங்குபவை, மிக அமைதியானவை, வெட்டும் கூர்மையாக விழும். முதல் கிட்டாரில் தானாக வந்தால் மகிழ்ச்சி, தேடி அலைய வேண்டாம்.

நான்காம் படி: பிரிட்ஜ்

கல்லூரியில் படித்த காலத்தில் நான் வாங்கிய பழைய கிட்டாரில் ஃபிளாய்ட் ரோஸ் என்னும் அசையும் பிரிட்ஜின் மலிவு நகல் இருந்தது. கைப்பிடியை அழுத்தினால் விமானம் விழுவது போன்ற ஓசை வரும். அந்த ஓசைக்காகவே வாங்கினேன். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் இரவு ஒரு கம்பி அறுந்தது. முன்பக்கக் கம்பிகளின் இழுப்பும் முதுகுப்பக்கச் சுருள்வில்களின் இழுப்பும் தராசுபோல் சமநிலையில் நிற்பதுதான் அந்த அமைப்பு. ஒரு கம்பி போனதும் தராசு சாய்ந்து மற்ற ஐந்தின் சுரமும் ஏறிவிட்டது. ஆலன் சாவியோடு இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

தொடக்கக்காரர்களே, அசையாத பிரிட்ஜை வாங்குங்கள். மிதக்கும் பிரிட்ஜில் டியூனிங்கை மாற்றும்போதெல்லாம் தராசையும் சரிசெய்ய வேண்டும். பாம் மியூட்டுக்காக உள்ளங்கையை ஊன்றினாலும் பிரிட்ஜ் அழுந்திச் சுரம் நகரும். பிடித்த கிட்டாரில் சாதாரண டிரெமோலோதான் (கைப்பிடியால் அசையும் பிரிட்ஜ்) இருக்கிறது என்றால், பின்பக்க மூடியைத் திறந்து சுருள்வில்களை இறுக்கி அதை உடலோடு படிய வைத்துவிடலாம்.

ஐந்தாம் படி: மரம், ஃபிரெட், வடிவம்

மரத்தைப் பற்றி இணையத்தில் நடக்கும் போர்களை நம்பி நேரத்தைச் செலவிடாதீர்கள். பாஸ்வுட்டா, பாப்ளரா, மஹோகனியா என்பது டிஸ்டார்ஷன் ஏறிய பிறகு உங்கள் காதுக்கு எட்டப்போவதில்லை. (பல கிட்டார்களின் விரல்பலகையில் 'இந்தியன் ரோஸ்வுட்' என்று எழுதியிருக்கும். அது வேறு எதுவுமில்லை, நம் ஈட்டி மரம்தான்.) 22 ஃபிரெட்டோ 24-ஓ, இரண்டும் சரி. மெல்லிய கழுத்து வேகமான வாசிப்புக்கு வசதி என்பார்கள். உங்கள் கைக்கு எது வசதி என்று பிடித்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள். வடிவத்துக்கு ஒரே விதி: பயிற்சி பெரும்பாலும் உட்கார்ந்துதான் நடக்கும், ஆகவே மடியில் நிற்க வேண்டும்.

ஆறாம் படி: பணத்தைப் பிரியுங்கள்

கையில் இருப்பதை எல்லாம் கிட்டாரில் கொட்டிவிட்டு, மிச்சச் சில்லறையில் ஆம்ப் (ஒலிபெருக்கி) வாங்குவது எல்லோரும் செய்யும் தவறு. நீங்கள் கேட்கும் ஒலியில் பாதிக்கு மேல் ஆம்பிலிருந்து வருகிறது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குங்கள். பல ஒலிகளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் சிறிய டிஜிட்டல் ஆம்ப் போதும். அதில் நாய்ஸ் கேட் இருக்கிறதா, ஹெட்போன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். முன்னது இடைவெளிகளைத் துடைக்கும், பின்னது அக்கம்பக்கத்தாரோடு உறவைக் காப்பாற்றும்.

கிட்டாரில் ஐபனெஸ் ஜியோ, ஜாக்சன் ஜேஎஸ், எல்டிடி, கார்ட் எக்ஸ் ஆகிய வரிசைகளிலிருந்து தொடங்கலாம். ஐபனெஸிலும் ஜாக்சனிலும் ஒரே வரிசைக்குள் அசையும் பிரிட்ஜும் அசையாத பிரிட்ஜும் வருவதால் மாடல் எண்ணைக் கவனமாகப் படியுங்கள். மெட்டலோடு மற்றதையும் வாசிக்க விரும்புகிறவர்களுக்கு யமஹா பசிஃபிகா 112 பொருத்தம். அதில் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் காயில்.

ஏழாம் படி: கடையில் சோதனை

முதலில் ஆம்பில் செருகாமலே சோதியுங்கள். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி மீட்டுங்கள். எங்கேயாவது கிறுகிறுப்போ செத்த ஒலியோ வருகிறதா? கழுத்தின் ஓரமாகக் கையை ஓட்டுங்கள். ஃபிரெட் முனைகள் கீறக் கூடாது. 12-ஆவது ஃபிரெட்டில் தடித்த கம்பியின் உயரம் சுமார் 2 மில்லிமீட்டர் இருந்தால் சரி. அதே ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக்கும் அழுத்தி எடுக்கும் சுரமும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். பிறகு ஒரு கம்பியை நன்றாக வளைத்து விடுங்கள். டியூனர் முள் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

இப்போது செருகுங்கள். கெயினை (டிஸ்டார்ஷன் அளவை) ஏற்றுங்கள், கிட்டாரின் வால்யூமை முழுதும் திறங்கள், கம்பிகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சும்மா நில்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். மெல்லிய இரைச்சல் இருக்கும், அது இயல்பு. கீச்சென்று தானாக ஊளையிட்டால் பிக்கப்பின் சுருள் தளர்ந்திருக்கலாம். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் நல்லது. தொட்டதும் கூடினால் உள்ளே இணைப்பு கோளாறு, அந்தக் கிட்டாரை மாட்டிவிட்டு வாருங்கள். குமிழ்களைத் திருகிக் கரகரப்பு வருகிறதா, கேபிளை ஆட்டினால் ஒலி அறுகிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாகத் தடித்த கம்பியைப் பாம் மியூட் செய்து சீராக எட்டு முறை அடித்து, சட்டென்று நிறுத்துங்கள். இரண்டு மூன்று கிட்டார்களில் இதையே திரும்பச் செய்யுங்கள். உங்களுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாவிட்டாலும் வேறுபாடு காதுக்குத் தெரியும். என் தம்பிக்குத் தெரிந்தது. மூன்றாவதாக எடுத்த, பார்க்கச் சாதாரணமான, அசையாத பிரிட்ஜ் கிட்டாரை அவனே கையில் வைத்துக்கொண்டான்.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

ஆம்பை எர்த் உள்ள மூன்று முள் சாக்கெட்டில் மட்டும் செருகுங்கள். கிட்டார் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. அங்கே தவறு இருந்தால் ஷாக் உங்கள் விரலுக்குத்தான் வரும். கடையில் இருந்த கம்பிகளைக் கழற்றிவிட்டு, முதல் படியில் முடிவு செய்த டியூனிங்குக்கு ஏற்ற தடிமனில் புதிய கம்பிகளைப் போடுங்கள். தடிமன் மாறினால் கழுத்தின் வளைவும் கம்பி உயரமும் மாறும், ஆகவே ஒரு முறை தெரிந்தவரிடம் கொடுத்து செட்டப் செய்துகொள்வது நல்லது. கடற்கரை ஊர்க்காரர்கள் வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பிகளைத் துடையுங்கள். வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்தால் இரண்டே வாரத்தில் துரு பிடித்துவிடும்.

ஆக்டிவ் பிக்கப் உள்ள கிட்டார் என்றால், இரவு தூங்கப் போகும் முன் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். செருகியபடியே விட்டால் வாசிக்காத நேரத்திலும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கும்.